மேட்டு லயம் ஒன்பது, ஸ்டோர் லயம் ஒன்று

தோற்றுத் தோற்றே சிரிக்கத் தெரிந்த என் அண்ணனுக்கு,

ராணி எழுதுகிறேன். 'நல்லா இருக்கீங்களா' என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. உங்களிடம் போய் அதைக் கேட்டால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நீங்கள் போய் ஒரு வருசமும் இரண்டு மாதமும் ஆகிவிட்டது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது குளவிக் கூடு கலைந்து, நாலு பேர் உங்களைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடி, பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துபோனது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதை எழுதினால் மற்றதை எழுத முடியாது.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணே. என் எழுத்து அழகாக இருக்கும் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வீர்களே, இப்போது பாருங்கள், கோழி கிளறினது போலக் கிடக்கிறது. ஸ்கூலில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேட்டு லயத்து வரிசை வீடுகளில் இருந்த பன்னிரண்டு குடும்பமும் மூன்று கிழமையாக, இருபத்தொரு நாளாக, இங்கேதான் இருக்கிறார்கள். அண்ணியும் உங்கள் மகள் தர்ஷினியும் மூன்றாம் வகுப்பு மூலையில் பாய் போட்டிருக்கிறார்கள். நான் கோயில் லயத்துக்கு வாழ்க்கைப்பட்டவள், எனக்கு வீடு இருக்கிறது. இருந்தும் பகலெல்லாம் இங்கே வந்து கிடக்கிறேன். ஜன்னலில் மலை தெரிகிறது. ஒரு வரி எழுதுகிறேன், நிமிர்ந்து பார்க்கிறேன், அடுத்த வரி எழுதுகிறேன்.

எல்லாம் உங்கள் லீக்கில்தான் ஆரம்பித்தது.

இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் தோட்டத்தில் பந்து விளையாடச் சமதரை எங்கே இருக்கிறது? கால் கொஞ்சம் தவறினால் பந்து தேயிலைக்குள் உருண்டு, ரோட்டைத் தாண்டி, ஆற்றில் விழும். மூன்று பந்து அப்படிப் போனபிறகு நீங்கள் ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். "ஆடத்தானே எடமில்ல, எழுத எடம் இருக்குல்ல" என்றீர்கள். அன்றைக்குப் பிறந்ததுதான் அந்தக் கடதாசி லீக்.

நாலு லயம், நாலு டீம். மேட்டு லயம், கோயில் லயம், பாலத்து லயம், ஸ்டோர் லயம். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பீலி, அதாவது மலை ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கிவிட்ட இடம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மேட்ச். எதிர் லயத்து ஆள் வந்து நம் பீலியில் வாளியை வைத்து, ஒன்றிலிருந்து நூறு வரை சத்தமாக எண்ண வேண்டும். எண்ணி முடித்ததும் வாளித் தண்ணீரைப் பால்மா டின்னால் அளந்தால், எத்தனை டின் நிறைகிறதோ அத்தனை கோல். நம் ஆள் போய் அவர்கள் பீலியில் அதே மாதிரி அளப்பார். யார் கோல் அதிகமோ அவர்கள் ஜெயித்தார்கள். மழை கூடினால் ஒரு கோல் கூடும், குழாயில் இலை அடைத்தால் ஒரு கோல் குறையும். எண்ணுகிறவருக்கு இருமல் வந்தால் அது ஒரு அதிர்ஷ்டம்.

பிறகு நீங்கள் கொப்பியில் மேட்ச் ரிப்போர்ட் எழுதுவீர்கள். எந்த நிமிசத்தில் யார் கோல் போட்டது, யார் கால் இடறி விழுந்தது, எல்லாம். அதைக் கடைச் சுவரில் ஒட்டுவீர்கள். வேலைக்குப் போகிறவர்கள் கூடையோடு நின்று வாசித்துவிட்டுப் போவார்கள். ஆட்டக்காரர்கள் எல்லாம் லயத்து ஆட்கள்தான். அண்ணியைக் கோல்கீப்பர் ஆக்கிவிட்டு, 'புஷ்பத்தின் கையை மீறி எங்கள் வீட்டில் ஒரு கரண்டி சீனி வெளியே போனதில்லை' என்று காரணம் வேறு எழுதினீர்கள். ஒரு கிழமை அவர் உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றவில்லை, ஞாபகம் இருக்கிறதா?

நம் மேட்டு லயம் எப்போதும் கடைசி. நம் பீலி நூல் போல ஒழுகும். ஒரு கோல், மிஞ்சினால் இரண்டு. ஸ்டோர் லயம் வருசா வருசம் சாம்பியன், ஐந்துக்குக் குறையாது. அந்த லயத்து முருகேசு மாமா தேயிலை ஃபேக்டரி ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்கிறவர். ஜெயித்த ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நம் லயத்து வாசலில் வேண்டுமென்றே நடப்பார். ஒரு தடவை நான்தான் உங்களிடம் சொன்னேன், "அண்ணே, நம்மாளு அங்க போய் எண்ணுறப்போ கொஞ்சம் வேகமா எண்ணச் சொல்லுங்களேன்" என்று. என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "கொப்பியில பொய் எழுதுனா அப்பறம் அத யாரு தாயி படிப்பா?" என்றீர்கள்.

சரி. இந்த வருசத்துக் கதைக்கு வருகிறேன்.

உங்கள் வருசத் தெவசம் முடிந்த பிறகு அந்தக் கொப்பியை அண்ணி என்னிடம் கொடுத்தார். "நீங்க எழுதுங்க ராணி, அவரு பாதியில விட்டுட்டுப் போயிட்டாரு" என்றார். கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் தூங்க வைத்துவிட்டுக் கதை எழுதுகிறவள்தானே நான், சரி என்றேன். கடைச் சுவர் போதாது என்று வாட்ஸ்அப் குரூப்பும் தொடங்கினோம். கொழும்பில் வேலை செய்கிற நம் பிள்ளைகள்கூட அதில் சேர்ந்தார்கள். மழை தொடங்கின மாதம். முதல் கிழமை கோயில் லயத்தோடு மேட்ச், ஒன்றுக்கு மூன்று என்று தோற்றோம். எல்லாருக்கும் நிம்மதி. உலகம் பழையபடியே இருக்கிறது என்று ஒரு நிம்மதி.

இரண்டாம் கிழமை பாலத்து லயத்தை நாலுக்கு இரண்டு என்று ஜெயித்தோம்.

யாரும் நம்பவில்லை. பாலத்து லயத்து ஆள் எண்ணும்போது தூங்கிவிட்டானா என்று கிண்டல் செய்தார்கள். நான் ரிப்போர்ட்டில் 'மேட்டு லயம் பால் சோறு சாப்பிட்டு வந்திருக்கிறது' என்று எழுதினேன். மூன்றாம் கிழமை ஸ்டோர் லயம். முருகேசு மாமாவே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் எழுபது எண்ணும்போதே வாளி நிறைந்துவிட்டது. இரண்டாவது வாளி வைத்தோம். அளந்தால் ஒன்பது டின். அந்தப் பக்கம் அவர்கள் பீலியில் ஒரே ஒரு டின்.

ஒன்பதுக்கு ஒன்று! சாம்பியனை! அடேயப்பா, அன்றைக்கு லயத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். தீபாவளிக்கு வாங்கின வெடியை எல்லாம் கொளுத்தினார்கள். தப்பு அடித்தார்கள். உங்கள் பக்கத்துக் காம்பரா லெச்சுமி அக்கா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு ஆடினார். முருகேசு மாமா மட்டும் ஆடவில்லை. பீலியையே பார்த்துக்கொண்டு நின்றார். தோற்ற கோபம் என்று நினைத்துக்கொண்டோம்.

இப்போது சொல்லப் போவதுதான் என் நெஞ்சைப் போட்டு அறுக்கிறது. அந்த ஒன்பது கோலையும் யார் பேரில் எழுதுவது என்று நான் கொப்பியை வைத்துக்கொண்டு யோசித்தேன். எனக்கு அழுகை வந்தது. ஒன்பதையும் உங்கள் பேரில் எழுதிவிட்டேன் அண்ணே. 'எட்டாவது நிமிசம், சிவலிங்கம். இருபதாவது நிமிசம், சிவலிங்கம்' என்று வரிசையாக. கடைசியில், 'மேலே இருந்து அண்ணன் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார்' என்றும் எழுதினேன். வேடிக்கைக்காக எழுதவில்லை. அந்த நிமிசத்தில் நான் அதை நம்பினேன்.

நான் மட்டும் நம்பினால் பரவாயில்லை. அதை வாசித்த எல்லாரும் நம்பினார்கள்.

அண்ணி பீலிக்குப் பூ வைத்தார். தினம் காலையில் விளக்குக் கொளுத்தினார். நீங்கள் போன நாளிலிருந்து வாய் திறந்து சிரிக்காத மனுசி, வாளி நிறைகிற சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார். "பாருங்க ராணி, எனக்குக் காலு வலிக்குதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு வாளிக்குப் பத்து நிமிசம் நின்னேனே, இப்ப வச்சதும் நெறையுது" என்றார். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

நாலாம் கிழமை, மறுபடியும் கோயில் லயத்தோடு. பன்னிரண்டு கோல். ஆனால் அன்றைக்கு அளந்தது நான், கோயில் லயத்து ஆளாக. என் கையில் இருந்த டின்னில் தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. ஊற்றிவிட்டுப் பார்த்தால் அடியில் சிவப்பு மண், மெல்லிய வேர்த் துண்டுகள். அண்ணி அதைச் சேலைத் துணியில் வடிகட்டித் தீர்த்தம் போல உங்கள் மகளுக்குக் கொடுத்தார். எனக்கு நீட்டினதை நான் வாங்கிக் குடிக்கவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

முருகேசு மாமா அன்று சாயங்காலம் என்னைத் தேடிப் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை இல்லை. நனைந்துபோய் நின்றார்.

"ராணி, ஒன்னு சொன்னா தோத்தவன் பேச்சுன்னு நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்க மாமா."

"அது ஒங்க தண்ணி இல்ல தாயி. அது எங்க தண்ணி. எங்க பீலி காஞ்சு போச்சு, ஒங்க பீலி கொட்டுது. இத்தன வருசமா கீழ வந்த தண்ணி இப்ப வழி மாறி ஒங்க லயத்துக்கு அடியில போகுது. மண்ணையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போகுது. மேல போய்ப் பாத்துட்டுத்தான் வாறேன். தேயில ஒரு வரிச அப்படியே சாஞ்சு நிக்குது. கை போற அளவுக்கு வெடிப்பு."

மாமா இன்னும் என்னவோ சொன்னார், கேட்கவில்லை. உங்கள் காம்பராக் கதவு இரண்டு கிழமையாகச் சாத்த முடியாமல் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மழைக்கு மரம் ஊறிவிட்டது என்றுதானே அண்ணி சொன்னார்? மழைக்கு ஒரு கதவு ஊறும். வரிசையாக ஆறு காம்பராக் கதவும் ஊறுமா அண்ணே?

மாமா லயத்தில் போய்ச் சொன்னார். என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "ஒரு தடவ தோத்ததுக்கு இம்புட்டு வயித்தெரிச்சலா?" என்று லெச்சுமி அக்கா கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். இத்தனை வருசம் அவர் வெள்ளைச் சட்டையில் நடந்த நடைக்கெல்லாம் சேர்த்துச் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனார். அந்த மனுசன் ஜெயித்துக்கொண்டே இருந்திருந்தால் ஒருவேளை அவர் பேச்சைக் கேட்டிருப்பார்களோ என்னவோ.

மறுநாள் நான் கடைச் சுவரில் இன்னொரு ரிப்போர்ட் ஒட்டினேன். 'போன கிழமை எழுதினது பிழை. அந்த ஒன்பது கோலும் அண்ணன் போட்டது இல்லை. அது மலைக்குள்ளிருந்து வருகிற மண் தண்ணீர். மேட்டு லயத்து ஆட்கள் கீழே இறங்குங்கள்' என்று எழுதினேன். ஒரு மணித்தியாலத்தில் யாரோ கிழித்துவிட்டார்கள். அடுத்து அண்ணி வந்தார். பிள்ளைகள் தூங்குகிற இடம் என்றும் பார்க்காமல் பேசினார்.

"ஒரு வருசமா எனக்கு ஒன்னுமில்ல ராணி. ஒரு கனவுலகூட வரல அவரு. இப்பத்தான் வந்திருக்காரு. இப்பப் போய் என்னைய எறங்கச் சொல்றீங்களே, நீங்க அவருகூடப் பொறந்தவங்கதானா?"

"அண்ணி, அது அண்ணன் இல்ல."

"நீங்கதானே எழுதுனீங்க?"

"நான்தான் எழுதுனேன். புத்தி கெட்டுப் போய் எழுதுனேன். எங்க அண்ணன் செத்துட்டாரு அண்ணி. அவரு எங்கேயும் தண்ணி தொறக்கல. செத்துட்டாரு."

அந்த வார்த்தையை அதுவரைக்கும் நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. 'போயிட்டாரு' என்பேன், 'விட்டுட்டுப் போயிட்டாரு' என்பேன். அன்றைக்குத்தான் அதைச் சொன்னேன், அதுவும் அண்ணியின் முகத்துக்கு நேரே. அவர் திரும்பி மலை ஏறிப் போய்விட்டார். ஐந்து நாள் என் முகத்தில் விழிக்கவில்லை. நான் ஐந்து நாளும் சாப்பிடவில்லை. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால்கூட வெளியே ஓடிப் போய் மேலே பார்ப்பேன்.

ஐந்தாம் கிழமை. இரண்டு நாள் விடாத மழை. பாலத்து லயத்தோடு மேட்ச். நம் லயம் முழுக்கப் பீலியைச் சுற்றி நின்றது, இன்றைக்குப் பதினைந்து கோல் என்று பந்தயம் பேசிக்கொண்டிருந்தது. பாலத்து லயத்துக்காரர்கள் பயந்துகொண்டு வரவில்லை. அவர்களுக்குப் பதிலாக முருகேசு மாமா வாளியோடு ஏறி வந்தார். இத்தனை பேச்சு வாங்கிய பிறகும் வந்தார் பாருங்கள்.

பீலியில் தண்ணீர் இல்லை.

காலை ஆறு மணி வரைக்கும் கொட்டிக்கொண்டுதான் இருந்ததாம். இப்போது ஒரு சொட்டு இல்லை. வானம் ஊற்றுகிறது, குழாய் காய்ந்து கிடக்கிறது. மாமா வாளியை வைத்தார். "ஒன்னு" என்றார். "ரெண்டு" என்றார். யாராவது தடுப்பார்கள் என்று பார்த்தேன், யாரும் தடுக்கவில்லை. அவர் நூறு வரைக்கும் எண்ணினார் அண்ணே. ஒரு எண்ணைக்கூட விடவில்லை. ஐம்பது தாண்டினதும் சிரிப்பு நின்றது. எண்பதில் லெச்சுமி அக்கா தன் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். நூறில் மாமா வாளியைக் கவிழ்த்துக் காட்டினார்.

"சைபர்" என்றார். "அவ்வளவு தண்ணியும் மலைக்குள்ளதான் நிக்குது. எறங்குங்க."

முதலில் நகர்ந்தது அண்ணிதான். யாரையும் பார்க்கவில்லை. உள்ளே போனார், மகளின் ஸ்கூல் பையைத் தோளில் மாட்டினார், அரிசி வாளியைத் தூக்கினார், பிள்ளையின் கையைப் பிடித்தார், இறங்கினார். கோல்கீப்பரே இறங்கிவிட்டால் மற்றவர்கள் நிற்பார்களா? பத்து நிமிசத்தில் லயம் காலி. நான் கடைசியாக இறங்கினேன். மேலே ஏதோ கல் உருளுகிற சத்தம் கேட்டது. ஒரு கல்தான், வேறு ஒன்றுமில்லை. அந்த ஒரு கல்லுக்கு நாங்கள் ஓடின ஓட்டம் இருக்கிறதே!

கிராம சேவகர் வந்தார். பிறகு டவுனிலிருந்து மண்சரிவு பார்க்கிற ஆட்கள் வந்து வெடிப்பில் குச்சி நட்டு, அளந்து, படம் பிடித்தார்கள். ரிப்போர்ட் வரும்வரைக்கும் யாரும் அந்த லயத்தில் தங்கக் கூடாது என்றார்கள். அதில் ஒரு சிங்கள மாத்தயா, இளவயசுக்காரர், என்னைத் தனியே கூப்பிட்டு, "வத்துர ஆவத் யன்ன எபா" என்று இரண்டு தடவை சொன்னார். தண்ணீர் மறுபடி வந்தாலும் போகாதே என்று. நான் தலையாட்டினேன்.

மூன்று கிழமை ஆகிவிட்டது. ரிப்போர்ட் வரவில்லை. மலையும் விழவில்லை.

இங்கேதான் அண்ணே எனக்கு உண்மையான பயம் பிடித்தது. விழும் என்று ஓடி வந்தோம், விழவில்லை. மழை விட்டுவிட்டது, வெயில் அடிக்கிறது. மேட்டு லயம் தகரம் பளபளக்க நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. இங்கே ஸ்கூலில் பன்னிரண்டு குடும்பத்துக்கு இரண்டு கக்கூஸ். திங்கட்கிழமை ஸ்கூல் திறக்க வேண்டும், இடத்தைக் காலி பண்ணுங்கள் என்கிறார்கள். எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. "மல எங்கடி விழுந்துச்சு? ஒன் பேச்சையும் முருகேசு பேச்சையும் கேட்டு நடுத்தெருவுக்கு வந்தோம்" என்று லெச்சுமி அக்கா நேற்று முன்தினம் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளைகுட்டிகளோடு சிமெந்துத் தரையில் எத்தனை நாள் படுப்பார்?

நான் தினமும் காலையில் தனியாக மேலே போய் வாளி வைத்து எண்ணிவிட்டு வருகிறேன். வேறு யாரையும் விடுவதில்லை. வாட்ஸ்அப்பில் 'மேட்டு லயம் சைபர்' என்று போடுவேன். அதைப் பார்த்துவிட்டு, இன்னும் தண்ணீர் வரவில்லை, இன்னும் சரியாகவில்லை என்று எல்லாரும் ஒரு நாள் பொறுப்பார்கள். தண்ணீர் வந்துவிட்டால் ஏறிவிடுவது என்று பேசிவைத்திருக்கிறார்கள்.

நேற்றுக் காலையில் தண்ணீர் வந்திருந்தது அண்ணே.

தெளிந்த தண்ணீர். மண் இல்லை, வேர் இல்லை. நூல் போல, பழையபடி. நூறு எண்ணி அளந்தேன், ஒரு டின்னும் கொஞ்சமும். நம் மேட்டு லயத்தின் அசல் கோல். பார்த்ததும் எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. வெடிப்பில் நட்ட குச்சி இரண்டும் முந்தின நாளைவிட விலகி நின்றன. எனக்குக் கண் பிசகுகிறதா, நிசமாகவே விலகியதா? நான் படித்தவளா, இஞ்சினியரா? எனக்கு எப்படித் தெரியும்? யாரிடம் கேட்பேன்?

கீழே வந்து கொப்பியிலும் வாட்ஸ்அப்பிலும் 'மேட்டு லயம் சைபர்' என்று எழுதினேன்.

உங்கள் கொப்பியில் முதல் பொய் அது. என் கையால் எழுதினது. லயத்து ஆட்கள் யாராவது பிறகு ஒருநாள் இதைப் படிக்க நேர்ந்தால், என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டுங்கள், மயிரைப் பிடித்து இழுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் ஏறாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது. விழுந்துவிடுமோ என்று ஒரு பயம். விழாமலே போய்விடுமோ என்று இன்னொரு பயம். விழாமல் போனால் நான் பொய்க்காரி. பன்னிரண்டு குடும்பத்தை வீட்டை விட்டு விரட்டினவள். சில நேரம் அந்த மலையைப் பார்த்து, விழுந்தே தொலையேன் என்று மனசு சொல்கிறது. நாம் பிறந்த காம்பரா அண்ணே அது. என்ன மாதிரி ஆளாகிவிட்டேன் பாருங்கள்.

இன்று காலை எல்லாரும் கூடி நின்றார்கள். லெச்சுமி அக்கா, "ஒன் சைபர இனி நான் நம்ப மாட்டேன். நானே போய்ப் பாக்குறேன்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினார். கூடவே நாலைந்து பேர். போனால் தண்ணீரைப் பார்ப்பார்கள். பார்த்தால் சாயங்காலத்துக்குள் சாமான் எல்லாம் மேலே போய்விடும். அண்ணியும் போவார், பிள்ளையும் போகும்.

அப்போது அண்ணி மூன்றாம் வகுப்பு மூலையிலிருந்து எழுந்து வந்தார். சேலைக் கரை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. தேயிலை வழியாகப் போய் வந்தால் நனைகிற நனைவு. கையில் வாளி. எனக்கு முன்னாலேயே எழுந்து, எனக்குத் தெரியாமல் மேலே போய்விட்டு வந்திருக்கிறார். வாளியின் உள்பக்கம் ஈரமாக இருந்ததை நான் பார்த்தேன். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"போகாதீங்க அக்கா," என்றார். "நான் இப்பத்தான் பாத்துட்டு வாறேன். நூறு எண்ணுனேன். சொட்டுத் தண்ணி இல்ல."

"நெசமாவா புஷ்பம்?"

"ஏன், நான் எதுக்கு ஒங்களுக்குப் பொய் சொல்லப்போறேன்? தண்ணி வந்தா மொத ஆளா நான்தானே ஏறுவேன்."

அவர் சொன்னால் அதற்கு மறுபேச்சு உண்டா? அந்தத் தண்ணீருக்குப் பூ வைத்துக் கும்பிட்டவர் அவர்தானே. லெச்சுமி அக்கா செருகிய சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு திரும்பிப் போனார். அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. வாளியை மடியில் வைத்துக்கொண்டு, சேலை முந்தானையால் அதன் உள்பக்கத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவரு கோவிச்சுக்குவாரா ராணி?" என்று மெதுவாகக் கேட்டார்.

நீங்களே சொல்லுங்கள். கோவிப்பீர்களா?

கோபம் வந்தாலும் பரவாயில்லை, ஒரு சத்தியம் பண்ணுகிறேன். ரிப்போர்ட் வரும்வரைக்கும், அல்லது இவர்களுக்குக் கால் வைக்க வேறு ஒரு இடம் கிடைக்கும்வரைக்கும், தினமும் நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர் இல்லை என்றுதான் சொல்லுவோம். திங்கட்கிழமை ஸ்கூலை விட்டு எழுப்பினால் அண்ணியும் பிள்ளையும் என் காம்பராவில், மற்றவர்கள் முருகேசு மாமா இன்றுதான் கேட்டுவைத்திருக்கிற ஸ்டோர் மாடியில். பீலியில் நீங்களே வந்து நின்று கூப்பிட்டாலும், அங்கே யாரும் இல்லை என்போம். உங்கள் மகளை அந்த மலை ஏற விடமாட்டோம்.

உங்களுடன் பிறந்த தங்கச்சி,
ராணி